பூரணிக்குக் கிடைத்த கட்டில்

அன்றைக்குப் பிள்ளைக்காம்பராவில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். கூட்டக்குறிப்பு எழுதிப் பழகிய கை, அதைச் சொல்லாமல் மேலே போகாது.

மலைக்குத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம் அது. ஆகவே அங்கே கிடந்த பெஞ்சுகள் எல்லாம் மூன்று வயதுப் பிள்ளைகளின் உயரத்துக்கு அடித்தவை. வாசலுக்கு நேரே போட்டிருந்த பெஞ்சில் பெரிய கங்காணி பழனியாண்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் காதுவரை வந்திருந்தன; தலைப்பாகை மட்டும் குலையவில்லை. அவருக்கு வலப்பக்கம், பால்மா டின்கள் அடுக்கிய அலமாரியோரமாக, டிஸ்பென்சரி டாக்டரையா செபஸ்தியாம்பிள்ளை. அவருக்கு மட்டும் ஆபீஸிலிருந்து நாற்காலி வந்திருந்தது. ஆட்களின் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களின் சார்பாக வந்த ராக்காயி தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். தொட்டில்கள் தொங்கும் உத்தரத்தின் கீழே ஆயம்மா அம்மாக்கண்ணு. சனிக்கிழமை அரைநாள் என்பதால் குழந்தைகளெல்லாம் வீட்டுக்குப் போயிருந்தன. ஆனாலும் அவள் பழக்கத்தில் ஒரு வெறுந்தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஜன்னலோரம், தோட்டத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ் பவுலின் மிஸ்ஸி. வாசற்படியில், பாதி உள்ளே பாதி வெளியே, வேலாயி. அவள் பெண்ணைப் பற்றித்தான் கூட்டம். பால் காய்ச்சும் மேசையில் மைக்கூட்டை வைத்துக்கொண்டு கிளாக்கர் லோரன்ஸ், அதாவது நான்.

வேலாயியின் பெண் பூரணியும் இருந்தாள். மூலையில் விரித்த பாயில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் எடுத்துக்கொண்ட விஷயம்: பூரணி தூங்குவதே இல்லை.

இது ஐம்பத்தேழாம் வருஷம், மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கில் நடந்தது. பூரணிக்கு வயது பதினைந்து இருக்கும். உடம்பு வயதுக்கேற்ப வளர்ந்திருந்தது. புத்தி நாலைந்து வயதில் நின்றுவிட்டது என்று சொல்வார்கள். அப்பன் இல்லை. வேலாயி மலைக்குப் போனால்தான் அடுப்பெரியும்; ஆகவே அவளைக் கைக்குழந்தைகளோடு பிள்ளைக்காம்பராவில் விடுவதற்குத் துரையே உத்தரவு கொடுத்திருந்தார்.

கங்காணியார் பேச்சைத் தொடங்கினார். லயத்தில் எவனும் கண் மூடி இரண்டு வருஷமாகிறது என்றார். இருட்டினால் இந்தப் பெண் காம்பரா காம்பராவாகப் போய்க் கதவைத் தட்டுகிறது, பேர் சொல்லிக் கூப்பிடுகிறது, தண்ணீர் டின்னை எடுத்து அடிக்கிறது. அதுவும் எப்படி? விடியற்காலையில் ஆட்களை எழுப்பப் பெரட்டுத் தப்பு அடிப்பார்களே, அச்சு அசல் அந்த அடி. போன மாசம் அதை நம்பி எழுந்த பாதி லயம், கம்பளியும் கூடையுமாக, பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்று, பனியில் நடுங்கி, வெகுநேரம் கழித்துத்தான் இன்னும் நடுச்சாமம்கூட ஆகவில்லை என்று கண்டுபிடித்தது.

“மொதல்ல போயி நின்னது நீங்கதானே, கங்காணி மாமா” என்றாள் ராக்காயி.

தான் போனது ஆட்களைத் திருப்பி அனுப்புவதற்காக என்று கங்காணியார் விளக்கம் சொன்னார். அதை நான் குறிப்பில் சேர்த்துக்கொண்டேன்.

பேச்சு சற்றுச் சூடேறியபோதெல்லாம் அம்மாக்கண்ணு உதட்டில் விரலை வைத்து மூலையைக் காட்டினாள். எல்லோரும் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்படித் தாழ்ந்த குரலில்தான், இந்தப் பெண்ணைக் கொழும்புப் பக்கத்துப் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும், அதற்குத் துரை மூலமாகக் கடிதம் போக வேண்டும் என்று முடிவு உருவாயிற்று. தன்னால் ஆன வைத்தியமெல்லாம் பார்த்துவிட்டதாக டாக்டரையா சொன்னார். தூக்க மருந்தை ஆறு மாசமாகக் கொடுக்கிறார். இரண்டு தடவை அளவையும் கூட்டியாகிவிட்டது. இதற்கு மேல் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து இல்லை.

அதுவரை வாய் திறக்காத பவுலின் மிஸ்ஸி, அந்தத் தூங்காத பிள்ளையைத் தான் பார்க்கலாமா என்று கேட்டார்.

எல்லோரும் ஒன்றாக மூலையைக் காட்டினோம்.

மிஸ்ஸி திரும்பிப் பார்த்தார். பூரணி ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாகத் திறந்து, தலைமாட்டில் ஒரு லயமே கூடித் தன் தூக்கமின்மையைப் பேசுவது தெரியாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

“மெதுவா, மிஸ்ஸி” என்றார் கங்காணியார். “முழிச்சிரப் போவுது.”

இந்த மிஸ்ஸியைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். ஊர் கினிகத்தேனை. நானும் அங்கே எட்டாம் வகுப்புவரை படித்தவன் என்பதால் குடும்பம் தெரியும். நாங்கள் எந்த ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தீர்மானித்தோமோ அதிலேயே எட்டு வருஷம் வேலை பார்த்தவர், பெரும்பாலும் ராத்திரி டூட்டி. தோட்டமென்றால் பிரசவமும் காய்ச்சலும்தானே, இனியாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று எண்ணி இங்கே வந்தவர்.

அவர் அம்மாக்கண்ணுவிடம், பிள்ளை தினமும் இப்படித் தூங்குமா என்று விசாரித்தார். ஆயம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இந்த வட்டாரத்திலேயே சத்தமில்லாத பிள்ளைக்காம்பரா தன்னுடையதுதான், போன வருஷம் பார்க்க வந்த துரைசானி பாராட்டிவிட்டுப் போனார், ஒரு பிள்ளை முனகினாலும் தூங்க வைக்காமல் விடமாட்டேன் என்றாள். பூரணியோ தங்கமான பிள்ளை. காலையில் வந்தால் விழும். அம்மா வந்து தூக்கினால்தான் எழும்.

மிஸ்ஸி பூரணியின் பாயை இன்னொரு தடவை பார்த்தார். கடிதத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டார். நிறுத்தி வைப்பதற்கு முறையில்லை. கூட்டம் போட்டுத் தீர்மானித்த கடிதம் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் பதில் வர எப்படியும் நாளாகும்; அதுவரை மிஸ்ஸி தன் கைவைத்தியத்தைப் பார்க்கட்டும், அதற்கு யாருக்கும் ஆட்சேபணை இல்லை என்று முடிவாயிற்று.

கடிதத்தில் தாய் கைநாட்டு வைக்க வேண்டும். மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனேன். வேலாயி விரலை நீட்டிவிட்டு, திரும்ப இழுத்துக்கொண்டாள்.

“அங்க போனா திரும்பி வருமாய்யா?”

நான் டாக்டரையாவைப் பார்த்தேன். டாக்டரையா கங்காணியாரைப் பார்த்தார். பதில் ஜன்னலோரம் மிஸ்ஸியிடமிருந்து வந்தது.

“இந்த மாதிரிப் புள்ளைங்க நெறைய இருந்தாங்க, வேலாயி. தேடி வந்த அம்மாமாருங்க ரொம்பக் கொறைவு. தூரம் அப்புடி. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கொடுத்து, ஒரு நாள் பேரும் போட முடியாம, சம்பளமும் போயி, எத்தன தடவ வர முடியும்?”

வேலாயி கைநாட்டு வைக்கவில்லை. தாய் சம்மதித்ததாகக் கங்காணியார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கடிதம் திங்கட்கிழமை தபாலில் போனது. அதில் ‘கடந்த இரண்டு வருஷ காலமாகக் கண்ணிமை மூடாத’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன். துரை அதை வாசித்துத் தலையசைத்ததாகப் பெரிய கிளாக்கர் சொன்னார்.

இனி மிஸ்ஸி செய்தது. பாதி என் கண்ணால் கண்டது, பாதி அவரே வந்து சொன்னது.

முதலில் அவர் பூரணியின் காது, பல், தலை, விரலிடுக்கு எல்லாம் பார்த்தார். விரலிடுக்கில் சிரங்கு இருந்தது. கம்பளிச் சூட்டில் அது ராத்திரியெல்லாம் அரிக்கும் என்று கந்தக மருந்து பூசினார். பிறகு ஒரு நாள் முழுக்கப் பூரணியோடேயே இருந்தார். காலையில் பெரட்டு முடிந்ததும் வேலாயி அவளை டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனாள். கூடவே மிஸ்ஸியும் போனார். அங்கே டாக்டரையா ஒரு கண்ணாடிக் கிளாஸில் தூக்க மருந்தை ஊற்றி, பூரணி வாயில் விட்டு, விழுங்கிவிட்டாளா என்று நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, அனுப்பி வைத்தார்.

சூரியன் அப்போதுதான் மலைக்கு மேலே வந்திருந்தது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? டிஸ்பென்சரி பெரட்டு முடிந்து திறக்கும், மத்தியானத்தோடு மூடும். மருந்தைப் போத்தலில் கொடுத்தனுப்பினால் மருந்தைக் கொட்டிவிட்டுப் போத்தலில் மண்ணெண்ணெய் வாங்குகிறார்கள் என்று, எந்த மருந்தானாலும் தன் கண் முன்னாலேதான் உள்ளே போக வேண்டுமென்று டாக்டரையா சட்டம் வைத்திருந்தார். நல்ல சட்டம்தான். அந்தச் சட்டப்படி பூரணியின் தூக்க மருந்து காலை வெயிலில் உள்ளே போனது. மருந்திலும் குறை சொல்ல இடமில்லை. பிள்ளைக்காம்பராவுக்கு நடந்து போவதற்குள் கண் செருகிவிடும். மிச்ச வேலையை அம்மாக்கண்ணு பார்த்துக்கொள்வாள். பொழுது சாய்ந்து வேலாயி வந்து எழுப்பும்போது, நம் எல்லோருக்கும் காலையில் விடிவதுபோலப் பூரணிக்குச் சாயங்காலம் விடியும். ராத்திரி தூங்கவில்லை என்று புகார் போனதும் அளவு கூடும். அளவு கூடினால் பகல் தூக்கம் கூடும். இப்படி ஆறு மாசமாக எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்து வந்திருக்கிறார்கள்.

அது மட்டுமல்ல. பூரணி ராத்திரி கதவைத் தட்டும்போது, பாவம் குளிரில் நிற்கிறதே என்று ஒவ்வொரு காம்பராவிலும் சாயம் இறங்கின தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்கள். சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி கடிக்கக் கொடுத்தவள் ராக்காயி. கூட்டத்தில் அதிகம் பேசியவளும் அவள்தான்.

“வாசல்ல நிக்கிற புள்ளைக்கு ஒரு வாய்த் தேத்தண்ணி குடுக்காம கதவச் சாத்தச் சொல்றீங்களா, மிஸ்ஸி?” என்று அவள் சண்டைக்கு வந்தாள்.

“குடு. சுடுதண்ணியாக் குடு” என்றார் மிஸ்ஸி.

டாக்டரையாவிடம் பேசுவதுதான் பெரிய காரியமாக இருந்தது. அவர் மருந்துப் புத்தகத்தில் ‘படுக்கும் நேரத்தில்’ என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தார். பிள்ளை படுக்கிற நேரம் காலைதானே ஐயா, அதனால் எழுதியபடிதான் நடந்திருக்கிறது என்று மிஸ்ஸி பணிவாகச் சொன்னாராம். டாக்டரையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சங் கொஞ்சமாகக் குறைப்போம் என்று மிஸ்ஸியே வழி காட்டினார். குறைத்தால் பதிலுக்கு ஏதாவது எழுத வேண்டுமே என்று டாக்டரையா யோசித்தார். அதற்கும் மிஸ்ஸியிடம் வழி இருந்தது. அன்று எழுதப்பட்ட துண்டு, அதாவது மருந்துச் சீட்டு, ஆபீஸுக்கு வந்தபோது நானே வாசித்தேன்: ‘நடை. நாளைக்கு மூன்று வேளை. ஆகாரத்துக்குப் பின்.’

அந்தத் துண்டு இல்லாவிட்டால் காரியம் நடந்திருக்காது. ஏனென்றால் பூரணியைப் பகலில் தூங்க விடாமல் வைத்திருக்க ஒரே இடம் மலைதான். வேலாயி கொழுந்தெடுக்கிற நிரையில் அவளும் கூட நடப்பது, தேத்தண்ணி வாளி தூக்குவது, பெண்கள் பேச்சுக் கொடுக்கப் பதில் சொல்வது. கங்காணியார் முடியாது என்றார். பேர்ப் பதிவில்லாத ஆள் மலையில் நிற்கக் கூடாது. விழுந்தால் யார் பொறுப்பு? மிஸ்ஸி துண்டைக் காட்டினார். இது வேலையில்லை, மருந்து என்றார். மருந்தைத் தடுக்கக் கங்காணிக்கு அதிகாரம் இல்லை. ராக்காயி துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, வாசிக்கத் தெரியாததால் திருப்பிக் கொடுத்து, “குலுக்கிக் குடுக்கணுமான்னு கேட்டுக்கங்க” என்றாள்.

முதல் வாரம் பார்க்கச் சகிக்கவில்லை. பூரணி தேயிலைச் செடிக்கடியில் போய்ச் சுருண்டு படுத்தாள். எழுப்பினால் அழுதாள், கடித்தாள். வாளியை உருட்டிவிட்டாள். மருந்து குறைந்ததால் கை நடுங்கியது. மிஸ்ஸி தினமும் நாடி பார்த்தார். ராத்திரியும் தூங்கவில்லை, பகலும் தூங்கவில்லை. லயத்துப் புகார் இரட்டிப்பாயிற்று. அம்மாக்கண்ணுவோ, தன் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று சாப்பிடாமல் கிடந்தாள். ஒரு நாள் தேத்தண்ணி வாளி வந்தது, பூரணி வரவில்லை. மிஸ்ஸி நேரே பிள்ளைக்காம்பராவுக்குப் போனார். அங்கே பூரணி தொட்டிலில் கிடந்தாள். காலிரண்டும் தரையில் இழுபட, ஆயம்மா ஆட்டிக்கொண்டிருந்தாள். மிஸ்ஸியைப் பார்த்ததும், பூரணி தானாக வந்து படுத்ததாகவும் தொட்டில் தானாக ஆடியதாகவும் சொன்னாள்.

மிஸ்ஸி திட்டவில்லை. இந்தப் பிள்ளையை ராத்திரியில் தூங்க வைக்கும் பொறுப்பை ஆயம்மாவிடமே கொடுக்கிறேன் என்றார். அன்றிலிருந்து அந்தி சாய்ந்ததும் அம்மாக்கண்ணு வேலாயியின் காம்பராவுக்கு வந்துவிடுவாள். செய்ய வேண்டியதை மிஸ்ஸி சொல்லிக் கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கழுவ வேண்டும், மருந்து பூச வேண்டும், விளக்கைத் தணிக்க வேண்டும், அதே சாக்கை அதே மூலையில் விரிக்க வேண்டும், அதே தாலாட்டை மெதுவாகப் பாட வேண்டும். எழுந்து நடந்தால் அதட்டக் கூடாது, கதை பேசவும் கூடாது. கையைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து படுக்க வைக்க வேண்டும். எத்தனை தடவை எழுந்தாலும் அத்தனை தடவை.

வேலாயி சலித்துப் போய், இதையெல்லாம் ஒரு நாள் மாற்றிச் செய்தால் என்ன என்று கேட்டாள்.

“ஒன் புள்ளைக்கு மணி பார்க்கத் தெரியாது” என்றார் மிஸ்ஸி. “நம்ம செய்ற வரிசைதான் அதுக்கு மணி. வரிச மாறினா மணி நின்னுரும்.”

எந்த நாளில் தூங்கினாள் என்று குறிப்பாகச் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் கொஞ்சம், அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். பகலில் வாளியோடு நடந்தவள் இருட்டும்போது தானாகவே சாக்கைத் தேட ஆரம்பித்தாள். பிறகு ஒரு காலையில் பெரட்டுத் தப்பு அடித்தபோது, வேலாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து பார்த்தால், பிள்ளை இன்னும் எழவில்லை. பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு லயத்தில் சத்தமில்லை. அதனால் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. எப்போது கதவு தட்டப்படும் என்று காத்திருந்தே பழகியவர்கள், இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்கள். அப்படிக் கிடந்தபோதுதான் அந்த இன்னொரு சத்தம் கேட்டது. லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே உள்ள சுவர் கூரைவரை போகாது; இந்தக் கோடியில் பெருமூச்சு விட்டால் அந்தக் கோடிக்குப் போகும். கங்காணியார் பழனியாண்டியின் குறட்டை, தகரத்தின்மேல் சரளைக்கல்லைக் கொட்டி இழுப்பதுபோல, லயம் முழுவதும் உருண்டது. நடுவில் அப்படியே நின்றுபோகும். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பூரணியின் டின் சத்தத்தில் இத்தனை நாளும் இது அமுங்கிக் கிடந்திருக்கிறது.

பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் இதைத்தான் பேசினார்கள். கங்காணியார் போகும்போது பேச்சு நிற்கும். அவர் போனதும் சிரிப்பு கேட்கும். தான் குறட்டை விடுவதே இல்லை, விட்டிருந்தால் தனக்குக் கேட்டிருக்குமே என்று அவர் என்னிடம் சொன்னார்.

இந்த நிலைமையில் ஆஸ்பத்திரியிலிருந்து பதில் வந்தது. துரையின் சிபாரிசைக் கருத்தில் கொண்டு பெண்கள் வார்டில் ஒரு கட்டில் ஒதுக்கப்பட்டிருக்கிறது. நோயாளியை வருகிற புதன்கிழமைக்குள் கொண்டுவந்து சேர்க்கவும். துரை அதன் ஓரத்தில் ‘லொறி ஏற்பாடு செய்யவும்’ என்று எழுதிக் கீழே அனுப்பியிருந்தார்.

மறுபடி கூட்டம். அதே இடம், அதே பெஞ்சுகள். பூரணி மட்டும் உள்ளே இல்லை. வெளியே சந்தியில் வாளியை வைத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளை இப்போது தூங்குகிறது, ஆகவே அனுப்பத் தேவையில்லை என்று ஒரே வரியில் முடியும் என எண்ணித்தான் நான் போனேன். அப்படி முடியவில்லை. கட்டில் கிடைத்துவிட்டதே என்றார் கங்காணியார். எத்தனை தோட்டத்தார் கேட்டும் கிடைக்காத கட்டில், துரை ஒரு வார்த்தை எழுதிக் கிடைத்திருக்கிறது. இப்போது வேண்டாமென்றால் துரையின் முகத்தில் எப்படி முழிப்பது? நாளைக்கு நிஜமாகவே ஒருவருக்குப் பைத்தியம் பிடித்தால் எந்த வாயால் கேட்பது? டாக்டரையாவும் அந்தப் பக்கமே இழுத்தார். இரண்டு வருஷம் கண்ணிமை மூடாத பெண் ஒரு மாசத்தில் தூங்கிவிட்டாள் என்று எழுதினால், முதல் கடிதம் பொய்யாகும். அல்லது மருந்து தப்பாகும். இரண்டும் ஆபீஸ் காகிதத்தில் வரக் கூடியவையல்ல. இந்தப் பேச்சில் எனக்கும் கொஞ்சம் நியாயம் தெரிந்தது. அந்த வரியை எழுதியவன் நான்.

ஆகவே, போய் ஒரு மாசம் இருந்துவிட்டு வரட்டுமே, கட்டிலும் வீணாகாது, பேச்சும் வராது என்கிற இடத்துக்குக் கூட்டம் வந்து சேர்ந்தது. கங்காணியார் லொறிக்காரனின் பேரைச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.

அப்போது வேலாயி வாசற்படியிலிருந்து எழுந்து உள்ளே வந்தாள். அவள் உள்ளே வந்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

“தூங்கலன்னு அனுப்பப் பார்த்தீங்க. இப்பத் தூங்குதுன்னு அனுப்பப் போறீங்களா? எம்புள்ள என்ன பண்ணினா இங்க இருக்கலாம்னு சொல்லிருங்க. அதப் பண்ணச் சொல்றேன்.”

வெளியே பூரணி யாரையோ கூப்பிட்டாள். அம்மாக்கண்ணு மூக்கைச் சிந்தினாள். தன் பெஞ்சு ஆடுகிறது என்று கங்காணியார் அதன் காலைக் குனிந்து பார்த்தார்.

ராக்காயி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“கட்டில் வந்திருச்சு, வீணாக்கக் கூடாது. அது சரிதான். நம்ம லயத்தத் தூங்க விடாத ஆளத்தானே அனுப்பணும்? அப்ப கங்காணி மாமாவ அனுப்புவோம்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கலாமா என்று தெரியாமல் எல்லோரும் மிஸ்ஸியைப் பார்த்தார்கள். மிஸ்ஸி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குறட்டை நடுவில் மூச்சு நின்றுபோவது சாதாரண விஷயமில்லை, அதுவும் தூக்கத்தைச் சேர்ந்த கோளாறுதான், பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தால் நல்லதுதான் என்றார். பெண்கள் வார்டு என்பதுதான் ஒரு சிக்கல். ஆனால் அதைக் கடிதம் எழுதி மாற்றிக்கொள்ளலாம்.

கங்காணியார் என்னைப் பார்த்தார். அவருக்கு உள்ளூர ஏற்பட்ட பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கங்காணி வேலையில் முடி நரைத்தவர். ஒரு பேருக்கு வந்த இடத்தில் இன்னொரு பேரைப் போட்டு நிரப்புவது எத்தனை சுலபம், நிரப்பிய பிறகு அந்த ஆள் ‘அது நானில்லை’ என்று சொன்னால் கேட்பதற்கு எவனும் இருக்கமாட்டான் என்பது அவருக்கு எங்களையெல்லாம்விட நன்றாகத் தெரியும்.

“சின்னப் புள்ளய அம்மாகிட்ட இருந்து பிரிக்கிறது பாவம்” என்றார். “கிளாக்கரையா, கட்டில் வேணாம்னு எழுதுங்க.”

டாக்டரையா இன்னும் இழுத்தார்: வேண்டாமென்றால் காரணம் காட்ட வேண்டுமே. காரணத்தை நான் காட்டினேன். முதல் கடிதமும் பொய்யாகாமல், மருந்தும் தப்பாகாமல், துரைக்கும் குறை வராமல் எழுத ஒரே வழிதான் இருந்தது. ‘தங்கள் கட்டில் ஒதுக்கப்பட்ட செய்தி வருமுன்னரே, எமது தோட்டத்து வைத்தியர் நாளைக்கு மூன்று வேளை விதித்த புதிய சிகிச்சையால் மேற்படி பெண் பூரண குணமடைந்தாள்’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். டாக்டரையா மறுபடி ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். ‘புதிய’ என்பதற்கு முன்னால் ‘பிரத்தியேகமான’ என்று சேர்க்கலாமா என்று கேட்டார். சேர்த்தேன். அந்தச் சிகிச்சை என்ன என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் விவரம் கேட்டால் என்ன செய்வது என்ற கவலை அவருக்கு அப்போது தோன்றவில்லை.

மிஸ்ஸியின் பேரை எங்கே போடுவது என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பேர் தெரிந்தால் பழைய இடத்திலிருந்து திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள், தனக்கு இப்போதுதான் ராத்திரியில் தூக்கம் வர ஆரம்பித்திருக்கிறது என்றார். ஒன்று மட்டும் வற்புறுத்தினார். முதலில் தாய் கைநாட்டு, பிறகுதான் மற்றவர்கள்.

வேலாயி மைப்பெட்டியில் விரலை அழுத்தி, நான் காட்டிய இடத்தில் வைத்தாள். மை காயும்வரை அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து டாக்டரையா, அடுத்து கங்காணியார். ராக்காயி தனக்கும் இடம் வேண்டுமென்று கேட்டு, ஓரத்தில் அழுத்தமாக ஒரு கைநாட்டு வைத்துவிட்டுப் போனாள்.

ஆபீஸுக்கு வந்து நல்ல பிரதி எழுதினேன். எந்தக் கடிதத்தையும் ‘தங்கள் மேலான பதிலை எதிர்பார்க்கும்’ என்று முடிப்பதுதான் என் பழக்கம். வேலாயி ஜன்னலுக்கு வெளியே நின்று, கடைசி வரி என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

“பதில் எதுக்குய்யா?” என்றாள். “மொதல்ல வந்த பதிலே போதும்.”

அந்த வரியை அடிக்காமல், அடித்தல் அசிங்கமாக இருக்குமென்பதால், முழுத்தாளையும் இன்னொரு தரம் எழுதினேன். இந்தத் தடவை ‘இப்படிக்கு’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். துரையின் கையெழுத்தை வாங்கி வந்தார் பெரிய கிளாக்கர். கைநாட்டு வைத்த தாளையும் சேர்த்து நாலாக மடித்து உறையிலிட்டு, விளிம்பில் பசை தடவி ஒட்டி, அரக்கை உருக்கி ஊற்றித் தோட்டத்து முத்திரையை அழுத்தினேன். வேலாயி இன்னும் ஜன்னலில்தான் நின்றாள். தபால்காரன் பையின் வாயைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மஸ்கெலியா பஸ்ஸைப் பிடிக்கக் குறுக்குப் பாதையில் இறங்கினான்.